கணினி இல்லாத காலத்து முதன்மை எண்

கேள்வி: 2,147,483,647 முதன்மை எண் என்று 1772இலேயே கணிதவியலாளர் ஒய்லர் நிறுவிவிட்டார் என மகளின் ஓ/எல் டியூசன் ஆசிரியர் சொன்னாராம். கையால் எப்படி முடிந்தது?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: அது 2இன் 31ஆம் வலுவிலும் ஒன்று குறைந்த எண். வர்க்கமூலம் 46,340ஐச் சற்றே தாண்டும், அதனால் அதுவரையுள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பார்த்தாலே போதும், ஆனால் அவையே நாலாயிரத்துக்கு மேல் இருக்கின்றனவே! ஒய்லரின் அழகு இங்கேதான். 31 முதன்மை எண் என்பதால், இந்த எண்ணுக்கு முதன்மைக் காரணி ஏதும் இருந்தால் அதை 62ஆல், அதாவது 31இன் இருமடங்கால், வகுக்கும்போது மீதி 1 வந்தே ஆகவேண்டும். அப்புறம் இன்னும் இறுக்கினார்: 248ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 மட்டும்தான். இந்த வடிகட்டலில் தப்பி நிற்பவை, 311இல் தொடங்கி, வெறும் 84 முதன்மை எண்கள். எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை, சரி, நிறுவியாயிற்று.

இப்படி வரும் எண் முதன்மை எண்ணாக இருக்க, வலு முதன்மை எண்ணாக இருந்தால் மட்டும் போதாது என்பதையும் மகளுக்குச் சொல்லுங்கள். 2இன் 11ஆம் வலுவில் ஒன்றைக் கழித்தால் 2,047, அது 23 × 89. அந்த இரண்டையும் 22ஆல் வகுத்து மீதியைப் பார்க்கச் சொல்லுங்கள்.