சாவி கொடுத்த தேதியைப் பிடியுங்கள்

கேள்வி: என் கணவரின் வேலை போனதால் வீட்டுக்கடன் தவணையைக் கட்ட முடியவில்லை. நீதிமன்றம் வரை இழுபட வேண்டாம் என்று கடந்த மார்ச்சில் நாங்களாகவே வீட்டைக் காலி செய்து, கடன் கொடுத்த நிறுவனத்திடம் சாவியை ஒப்படைத்தோம். டிசம்பரில் 210,000 பவுண்டுக்கு வீட்டை விற்றுவிட்டதாகவும் இன்னும் 18,300 பவுண்ட் பாக்கி இருப்பதாகவும் இப்போது கடிதம் வந்திருக்கிறது. அதில் 12,830 பவுண்ட் வெறும் கட்டணங்கள்: சட்டச் செலவு 1,980, சொத்து மேலாண்மை 1,440, பூட்டு மாற்றியதும் துப்புரவும் 860, விற்பனை முகவருக்கு 4,200, நிலுவை நிர்வாகக் கட்டணம் மாதம் 50 வீதம் ஒன்பது மாதத்துக்கு 450, கடனை முன்கூட்டியே அடைத்ததற்கான கட்டணம் 3,900. சண்டை போடாமல் கொடுத்ததற்கு இதுதான் பலனா? இதை எதிர்க்க வழி உண்டா? (இங்கிலாந்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: வழி உண்டு. ஆனால் 18,300 என்ற மொத்தத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். "இவ்வளவு தொகை அநியாயம்" என்று எழுதினால், "ஒப்பந்தப்படிதான் வசூலிக்கிறோம்" என்று ஒரு வரியில் பதில் வரும். கதை அங்கேயே முடிந்துவிடும். கட்டணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் சாவி கொடுத்த தேதியை வைத்துப் பாருங்கள். அந்தத் தேதிக்கு முன் நடந்தது எது, பின் நடந்தது எது, நடக்கவே இல்லாதது எது என்று தானாகவே பிரிந்துவிடும். கட்டணங்களைக் கழித்தால் உங்கள் பாக்கி 5,470 பவுண்ட்தான். ஆகவே உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் உழைப்பு வீண்போகாது.

முதலில் ஒரு கசப்பான செய்தி. சாவியைக் கொடுத்தால் கடனும் அதோடு போய்விடும் என்று நினைப்பவர்கள் ஏராளம். கடன் ஆலோசனை மேசையில் உட்கார்ந்திருந்த நாட்களில் வாரத்துக்கு ஒருவராவது இந்த நம்பிக்கையோடு வருவார். அது உண்மையில்லை. வீடு விற்றுப் பணம் கைக்கு வரும் நாள் வரை வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். விற்ற பணம் போதாவிட்டால் மிச்சம் உங்கள் தலையில்தான். அந்த ஒன்பது மாத வட்டியை, வட்டி என்பதற்காகவே எதிர்க்க முடியாது. ஆனால் ஏன் ஒன்பது மாதம் ஆயிற்று என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குக் கீழே வருகிறேன்.

உங்கள் கையில் இருக்கும் ஆயுதம் எஃப்சிஏ என்னும் நிதி நடத்தை ஆணையத்தின் வீட்டுக்கடன் விதித்தொகுப்பு. எம்சிஓபி என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். குடியிருந்த வீட்டின் மேல் 2004 அக்டோபர் 31-க்குப் பிறகு வாங்கிய முதல் அடமானக் கடன் (வீட்டை விற்றால் முதலில் அடைபட வேண்டிய கடன்) என்றால் அநேகமாக இந்த விதிகளுக்குள் வரும். வாடகைக்கு விடுவதற்காக வாங்கிய வீடு என்றால் பெரும்பாலும் வராது. நீங்கள் குடியிருந்த வீடு என்பதால் அந்தக் கவலை வேண்டாம். அதில் இரண்டு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 12.4-ஆம் பகுதி: தவணை தவறியதற்காக வசூலிக்கும் கட்டணம், அதனால் கூடுதலாக ஏற்பட்ட நிர்வாகச் செலவின் நியாயமான கணக்காக இருக்க வேண்டும், அதை நிறுவனம் காரணத்தோடு நிரூபிக்க வேண்டும். 13.6-ஆம் பகுதி: வீட்டைத் தானாக ஒப்படைத்தாலும் சரி, வழக்கு மூலம் எடுத்தாலும் சரி, கூடிய விரைவில் விற்பனைக்கு வைத்து, நியாயமாகக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த விலையைப் பெற முயல வேண்டும். "தானாக ஒப்படைத்தவர்களுக்கு இது பொருந்தாது" என்று தொலைபேசியில் யாராவது சொன்னால் இந்தப் பகுதியை வாசித்துக் காட்டுங்கள்.

இனி வரிசையாக. தொகையில் சிறியது, ஆனால் வாதத்தில் வலுவானது அந்த 450 பவுண்ட். நிலுவை நிர்வாகக் கட்டணம் எதற்கு? தவணை தவறியவரைத் தொலைபேசியில் அழைக்க, கடிதம் எழுத, அவரோடு திட்டம் போட. நீங்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு யாரை அழைத்தார்கள்? என்ன திட்டம் போட்டார்கள்? ஏப்ரல் முதல் டிசம்பர் வரை மாதாமாதம் 50 பவுண்டுக்கு என்ன வேலை நடந்தது என்று மாதவாரியாகக் கேளுங்கள். கணினி தானாகப் போட்ட கட்டணமாக இருந்தால் பதில் சொல்லத் திணறுவார்கள். அது நீங்கினால் அதன் மேல் ஏறிய வட்டியும் நீங்க வேண்டும். இதை மறக்காமல் எழுதுங்கள். பலர் கட்டணத்தைத் திரும்பப் பெற்றுவிட்டு வட்டியைக் கோட்டை விடுகிறார்கள்.

சட்டச் செலவு 1,980. வழக்கே நடக்கவில்லை என்றால் வழக்கறிஞருக்கு என்ன வேலை? ஒப்படைப்புப் பத்திரங்களும் விற்பனைப் பத்திரப் பதிவும் உண்மையான வேலைகள்தான், அவற்றுக்குச் செலவு உண்டு. ஆனால் அந்த 1,980-க்குள் நீதிமன்றக் கட்டணமோ, வீட்டைக் காலி செய்ய அமீனாவை வரவழைத்த செலவோ இருக்கிறதா என்று பாருங்கள். நீங்களே வெளியேறிய வீட்டுக்கு அமீனா தேவைப்பட்டிருக்க முடியாது. நீங்கள் சாவி கொடுப்பதற்கு முன்பே வழக்குத் தாக்கல் செய்துவிட்டார்கள் என்றால் மட்டும் அந்தத் தாக்கல் கட்டணம் நியாயமாக இருக்கலாம். எது எந்தத் தேதியில் என்பதற்குப் பில் வேண்டும்.

சொத்து மேலாண்மைக்கு 1,440, விற்பனை முகவருக்கு 4,200. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கடன் நிறுவனங்கள் பொதுவாக இடைநிலை நிறுவனம் ஒன்றிடம் பொறுப்பைக் கொடுக்கும். அது உள்ளூர் முகவரை அமர்த்தும். விலை நிர்ணயம், முகவர்களைக் கண்காணித்தல், வாங்க வருபவர்களிடம் பேசுதல் எல்லாம் இருவருடைய பில்லிலும் இருந்தால், ஒரே வேலைக்கு இரண்டு கூலி. முகவரின் தொகை விற்ற விலையில் 2 சதவீதம். என்ன வீதத்தில் ஒப்பந்தம், அதில் கடன் நிறுவனத்துக்குத் தள்ளுபடியோ தரகோ கிடைத்ததா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், செலவு உங்களுடையது.

பூட்டும் துப்புரவும் 860. பூட்டு மாற்றுவது வழக்கம். காலி வீட்டில் குழாய் உறைந்து வெடிக்காமல் தண்ணீரை வடித்துவிடுவதும் அப்படித்தான். துப்புரவுதான் பேச வேண்டிய இடம். காலி செய்த நாளில் எடுத்த புகைப்படம், வாடகை வேனுக்குக் கொடுத்த ரசீது, கடைசி மீட்டர் அளவு ஏதாவது கைபேசியில் கிடக்கிறதா பாருங்கள். சுத்தமாக விட்டுப்போன வீட்டுக்குக் குப்பை அள்ளிய பில் என்றால் அந்தப் படமே போதுமான வாதம்.

மிகப் பெரிய தலைவலி, முன்கூட்டியே அடைத்ததற்கான 3,900. நீங்களா அடைத்தீர்கள், அவர்கள்தானே விற்றார்கள் என்ற கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கோபத்தை வைத்து இதை வெல்ல முடியாது. கடன் வழங்கியபோது நிபந்தனைகளை எழுதிக் கொடுத்த கடன் ஒப்புதல் கடிதத்தைத் தேடி எடுங்கள். கடன் நிறுவனமே விற்றாலும் இந்தக் கட்டணம் உண்டு என்று அதில் எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால் அடுத்த கேள்வி தேதி. நிலையான வட்டிக் காலத்தில் இந்தக் கட்டணம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டு படிப்படியாகக் குறையும். மார்ச்சில் 3 சதவீதமாக இருந்து அக்டோபரில் 2 ஆகியிருந்தால், டிசம்பர் விற்பனைக்கு எந்தப் படியைப் போட்டார்கள்? நிலையான காலம் அதற்குள் முடிந்தே போயிருந்தால் கட்டணமே இருக்கக் கூடாது. எம்சிஓபி விதிப்படியும் இது, கடன் முன்னதாக முடிவதால் நிறுவனத்துக்கு ஏற்படும் செலவின் நியாயமான முன்மதிப்பீடாக இருக்க வேண்டும். தண்டனைத் தொகையாக இருக்கக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தாலும்கூட, கஷ்ட நிலையைச் சொல்லித் தள்ளுபடி கேளுங்கள். கேட்காமல் எதுவும் கிடைக்காது.

இப்போது அந்த ஒன்பது மாதம். என் கணிப்பில் உங்கள் வாதத்தின் கனமான பகுதி இதுதான், நீங்கள் கேள்வியில் கேட்காததும் இதுதான். மார்ச்சில் சாவி வாங்கியவர்கள் எந்த மாதத்தில் வீட்டை விளம்பரப்படுத்தினார்கள்? ஜூலையில்தான் என்றால் இடையில் போன மாதங்களின் வட்டி, நிர்வாகக் கட்டணம், காப்பீடு எல்லாமே அவர்களுடைய தாமதத்தின் செலவு. விலையும் அப்படியே. "பக்கத்து வீடு 235,000-க்குப் போயிற்று" என்று மட்டும் சொன்னால் எடுபடாது. கடன் நிறுவனம் விற்கும் காலி வீடு சற்றுக் குறைவாகப் போவது சகஜம். எத்தனை மதிப்பீடு வாங்கினார்கள், எத்தனை பேர் விலை கேட்டார்கள், உயர்ந்த விலை கேட்டவரை ஏன் விட்டார்கள் என்பதே கேள்வி. நீதிமன்றங்களும் இந்தக் கடமையை ஏற்றிருக்கின்றன. 1971-இல் தீர்ப்பான குக்மியர் பிரிக் வழக்கில், நூறு அடுக்கு வீடுகள் கட்ட அனுமதி இருந்த நிலத்தை, அந்த அனுமதியைச் சொல்லாமலே விளம்பரம் செய்து ஏலம் விட்டார்கள். சொத்தின் உண்மையான சந்தை மதிப்பைப் பெறுவதில் அடமானம் பிடித்தவர் நியாயமான கவனம் காட்ட வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் வீட்டின் விளம்பரத்தில் பின்கட்டு விரிவாக்கமோ மாடி அறையோ விட்டுப்போயிருந்தால் அதே வாதம் உங்களுக்கும் பொருந்தும்.

இதற்கெல்லாம் ஆதாரம் எங்கே? அவர்களுடைய கோப்பில்தான். ஆகவே முதல் கடிதம் புகார்க் கடிதமாக இருக்க வேண்டாம். உங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் தகவல்களின் நகலைக் கேளுங்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அது இலவசம், ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். சிக்கலான கோப்பு என்றால் மேலும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம். அதே கடிதத்தில் மதிப்பீட்டு அறிக்கைகள், முகவரின் வாராந்திர அறிக்கைகள், ஒவ்வொரு கட்டணத்துக்கான பில் ஆகியவற்றையும் கேளுங்கள். வாசகம் எளிதாக இருக்கட்டும்: "இந்தக் கடன் பாக்கியை நான் ஒப்புக்கொள்ளவில்லை. கீழ்க்காணும் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் நடந்த வேலை, தேதி, பில், ஒப்பந்தத்தில் அதற்கான பிரிவு ஆகியவற்றைத் தெரிவிக்கவும்." முதல் வாக்கியம் அலங்காரத்துக்கு இல்லை. அசல் தொகையை வசூலிக்க 1980-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் அவர்களுக்கு 12 ஆண்டு கொடுக்கிறது, வட்டிக்கு 6 ஆண்டு. எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்தக் கடிகாரம் புதிதாக ஓடத் தொடங்கிவிடும். இது இங்கிலாந்து, வேல்ஸ் சட்டம். ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்கு வேறு.

கோப்பு வந்த பிறகு புகார். அதற்கு எட்டு வாரத்துக்குள் நிறுவனம் இறுதிப் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டாலும், வந்தது பிடிக்காவிட்டாலும் நிதிக் குறைதீர்ப்பாளர் சேவைக்குப் போகலாம். இறுதிப் பதில் அனுப்பப்பட்ட தேதியிலிருந்து ஆறு மாதம் அவகாசம். அதைத் தவறவிட்டால் கதவு ஏறக்குறைய அடைபட்டுவிடும். இலவசம், வழக்கறிஞர் தேவையில்லை. அவருடைய இறுதி முடிவை நீங்கள் ஏற்றால் அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். "உங்களுக்காகப் புகார் செய்கிறோம், கிடைப்பதில் பங்கு தாருங்கள்" என்று வருபவர்களிடம் கையெழுத்துப் போடாதீர்கள். இதை நீங்களே செய்ய முடியும். துணை வேண்டுமானால் சிட்டிசன்ஸ் அட்வைஸ், நேஷனல் டெட்லைன், ஸ்டெப்சேஞ்ச் மூன்றும் பணம் வாங்காமல் உதவுகின்றன. இடையில் கவுன்ட்டி நீதிமன்றத்திலிருந்து, பாக்கியைக் கேட்டு வழக்குப் போட்டதற்கான கோரிக்கைப் படிவம் வந்தால் மட்டும் புகார் நடக்கிறதே என்று சும்மா இருக்காதீர்கள். பதினான்கு நாளுக்குள் பதில் அனுப்ப வேண்டும்.

வீட்டுக்காக உள்ளூராட்சி (கவுன்சில்) வசூலிக்கும் கவுன்சில் வரி பற்றியும் ஒரு வார்த்தை. அடமானம் பிடித்தவர் வசம் போய்க் காலியாக இருக்கும் வீட்டுக்கு இங்கிலாந்தில் எல் வகுப்பு விலக்கு உண்டு. மார்ச்சுக்குப் பிந்தைய வரி கேட்டு உங்கள் பெயருக்குப் பில் வந்திருந்தால், ஒப்படைப்பை நிறுவனம் ஏற்ற தேதியுள்ள கடிதத்தோடு கவுன்சிலுக்கு எழுதுங்கள். சாவி கொடுத்ததற்கு ரசீது வாங்கியிருக்கிறீர்கள்தானே? இல்லையென்றால், கேட்டிருக்கும் கோப்பில் அந்தத் தேதி எங்காவது பதிவாகியிருக்கும்.

புகாரின் நடுவில் "6,000 கொடுத்தால் முடித்துக்கொள்ளலாம்" என்பதுபோல் ஒரு பேரம் வரக்கூடும். உங்களால் கொடுக்க முடிந்த தொகை என்றால் யோசிக்கலாம். ஆனால் பணம் அனுப்புவதற்கு முன், இது முழுமையான, இறுதியான தீர்வு, மிச்சத்தை வேறு எந்த நிறுவனத்துக்கும் விற்க மாட்டோம் என்ற வாசகம் கடிதத்தில் வேண்டும். அதில் உங்கள் இருவர் பெயரும் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடன் இருவர் பெயரில் இருந்திருந்தால் முழுத் தொகைக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு. உங்கள் பெயர் மட்டும் இருந்தால் சில மாதம் கழித்து மிச்சத்தைக் கேட்டு உங்கள் கணவருக்கு இன்னொரு கடிதம் வரும்.