நிகோட்டின் அழற்சியைக் குறைக்குமா? சேலம் நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

"நிகோட்டின் உடம்பில் அழற்சியைக் குறைக்கிறது, அதனால் சிகரெட்டிலும் நன்மை உண்டு" என்று ஒரு செய்தி நம் குழுவில் சுற்றியது. அதையொட்டி வந்த கேள்விகளுக்கு, நுரையீரல் மருத்துவன் என்ற முறையில் இங்கே பதில் சொல்கிறேன். அடிபட்ட இடம் சிவந்து, சூடாகி, வீங்குகிறதே, அதுதான் அழற்சி. உடம்புக்குள்ளேயும் அது நடக்கும். மாதக்கணக்கில் அடங்காமல் கிடந்தால் நோயாகும்.

டாக்டர், அந்தச் செய்தி பொய்தானே? (கல்லூரி மாணவர், அஸ்தம்பட்டி)

முழுப் பொய் இல்லை தம்பி. பாதி உண்மை, அதனால்தான் எனக்குக் கவலை.

மூளையிலிருந்து வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பு, அழற்சி அளவு மீறாமல் பார்த்துக்கொள்கிறது. அமெரிக்காவில் கெவின் டிரேசியின் குழு 2000-ல் எலிகளில் இதைக் காட்டியது. நரம்பு தூண்டப்படும்போது வெளிவரும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள், மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுக்களின் மேலுள்ள ஆல்ஃபா-7 ஏற்பியில் (சாவியை ஏற்கும் பூட்டு மாதிரி) போய் ஒட்டும். உடனே அந்த அணுக்கள் டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளைக் குறைத்துச் சுரக்கும். அந்த ஏற்பிதான் இதற்குக் காரணம் என்று 2003-ல் தெரியவந்தது. நிகோட்டினும் அதே ஏற்பியில் ஒட்டக்கூடியது. செய்தியில் உண்மை இவ்வளவுதான்.

ஆனால் கடையில் வாங்கிப் பற்றவைக்கும் சிகரெட்டில் நிகோட்டின் தனியாக வருவதில்லை. புகையில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்கள் இருக்கின்றன. ஒவ்வொரு இழுப்பும் மூச்சுக்குழாய்ச் சுவரைப் புண்ணாக்குகிறது, வெள்ளணுக்கள் அங்கே வந்து குவிகின்றன. புகைப்பவர்களின் ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கையும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதத்தின் அளவும் பொதுவாகக் கூடுதலாகவே இருக்கும். அழற்சி குறைவதாக இருந்தால் அந்த அளவுகள் இறங்கியிருக்க வேண்டுமே! போதாததற்கு, நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வகை வெள்ளணுவை நிகோட்டினே தூண்டிவிடுகிறது என்றும் ஆய்வுகள் உண்டு.

என் தம்பிக்குப் பெருங்குடல் புண் நோய். சிகரெட்டை விட்ட பிறகுதான் வந்தது. திரும்பப் பிடித்தால் சரியாகுமா? (இல்லத்தரசி, ஃபேர்லேண்ட்ஸ்)

அம்மா, உங்கள் தம்பி கவனித்தது கற்பனை இல்லை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற இந்த நோய் புகைப்பவர்களுக்குக் குறைவாகவும், விட்டவர்களுக்குக் கூடுதலாகவும் வருவது 1980-களிலிருந்தே தெரியும். நிகோட்டின் பட்டையைத் தோலில் ஒட்டியும் சோதித்தார்கள். நோய் தீவிரமாக இருந்தபோது ஓரளவு பலன் தெரிந்தது (1994). அடங்கிய நோய் திரும்ப வராமல் தடுக்க அது உதவவில்லை (1995). இன்று இதைவிட நல்ல மருந்துகள் இருக்கின்றன. இதே குடும்பத்தைச் சேர்ந்த கிரோன் நோயை சிகரெட் இன்னும் மோசமாக்கும். தயவுசெய்து தம்பியை மறுபடி பெட்டிக்கடைப் பக்கம் அனுப்பாதீர்கள். குடல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

பீடியை விட்டு ரெண்டு வாரம் ஆச்சுங்க. முன்னே இல்லாத மாதிரி, பல் விளக்கினால் பிரஷ்ஷில் ரத்தம். விட்டது தப்போ? (கடை ஊழியர், செவ்வாய்ப்பேட்டை)

தப்பே இல்லை. நிகோட்டின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். அதனால் பீடி பிடிக்கிறவரை ஈறு வெளிறி, ரத்தம் வராமல், பார்வைக்கு நன்றாகவே இருக்கும். உள்ளே பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துகொண்டிருக்கும். இப்போது ஈறுக்கு ரத்த ஓட்டம் திரும்புகிறது, மறைந்திருந்த நோய் வெளியே தெரிகிறது. பல் மருத்துவரிடம் காட்டிச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். வாய்ப்புண் வந்தாலும் பயப்பட வேண்டாம். விட்ட புதிதில் சிலருக்கு வரும், போய்விடும்.

வீட்டுக்காரருக்கு 34 வயசு, விசைத்தறி ஓட்டுகிறார். ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு பீடி. கொஞ்ச தூரம் நடந்தாலே பாதம் கடுக்குதுங்கிறார். கால் சுண்டுவிரல் நுனி கறுத்திருக்கு. தறியில் அடிபட்டதுங்கிறார். (கொண்டலாம்பட்டி)

அம்மா, இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் இளம் வயது, பீடி, நடந்தால் பாத வலி, கறுத்த விரல் என்று எல்லாம் சேர்ந்தால் பர்ஜர் நோய் என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். கை கால்களின் சிறிய, நடுத்தர ரத்தக்குழாய்ச் சுவர் அழற்சியாகி, உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். விரல் அழுகினால் எடுக்க வேண்டிவரும். பீடியை விட்டதால் பாதி விரலோடு தப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். விடாதவர்களுக்கு அடுத்து பாதம், அப்புறம் கால் என்று மேலே மேலே போனதையும் பார்த்திருக்கிறேன்.

இந்த நோயில் குறைத்துப் பிடிப்பது உதவாது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு பீடிகூட நோயை ஓட்டிக்கொண்டே இருக்கும். புகைப்பழக்கத்தை விடுவதற்கு மற்றவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் நிகோட்டின் சூயிங்கம்கூட இவருக்கு வேண்டாம். நிகோட்டின் இல்லாத மாத்திரைகள் இருக்கின்றன. சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நாளைக் காலையே அழைத்துப் போங்கள். அதுவரை அந்தக் காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள், வெறுங்காலோடு நடக்கவும் விடாதீர்கள்.

நிகோட்டின் சூயிங்கம் மென்றால் நெஞ்சு எரியுது, ஆசையும் அடங்கலை. அதுவும் கெடுதல்தானா? (காபித் தோட்ட மேஸ்திரி, ஏற்காடு)

சிகரெட்டோடு ஒப்பிட்டால் இதன் கெடுதல் மிகக் குறைவு. அழற்சியின் பெரும்பங்கு புகையால் வருவது. நீங்கள் மெல்லும் விதத்தில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். மிட்டாய் மாதிரி விடாமல் மென்று எச்சிலை விழுங்கினால் நிகோட்டின் வயிற்றுக்குப் போய் எரியும். நாக்கில் சுருக்கென்று காரம் தெரியும்வரை மெதுவாக மெல்லுங்கள். தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கினால் மறுபடி மெல்லுங்கள். இப்படி அரை மணி நேரம்.

இன்னொன்று: காபி குடித்த கையோடு மெல்லாதீர்கள். அதன் புளிப்பு, வாய்வழியாக நிகோட்டின் ஏறுவதைக் கெடுக்கும். கால் மணி நேரம் இடைவெளி விடுங்கள். மலையில் குளிருக்கு நாலு தடவை காபி குடிக்கிறவர்களுக்கு இது சிரமம்தான், ஆனாலும் செய்யுங்கள்.

கத்திரிக்காயில் நிகோட்டின் இருக்காமே? (அம்மாபேட்டை)

இருக்கிறது. ஒரு சிகரெட்டில் உடம்புக்குள் போகும் சுமார் 1 மில்லிகிராம் வேண்டுமென்றால் ஏறக்குறைய 10 கிலோ கத்திரிக்காய் சாப்பிட வேண்டும். நிம்மதியாகக் குழம்பு வையுங்கள்.

அடுத்த மாதம் குடலிறக்க ஆபரேஷன். முதல் நாள் விட்டால் போதுமா? (ஆட்டோ ஓட்டுநர், சூரமங்கலம்)

போதாது. குறைந்தது 4 வாரம் முன்பே விடுங்கள், அதாவது இன்றைக்கே. நிகோட்டின் சுருக்கிய குழாய் வழியாகத் தையல் போட்ட இடத்துக்கு ரத்தம் சரியாகப் போகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு அந்த ரத்தத்தின் ஆக்சிஜனையும் குறைக்கும். புண் ஆற நாளாகும், சீழ் பிடிக்கும். தனியாக முடியவில்லை என்றால் 1800-11-2356 என்ற தேசிய புகையிலை உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது. கடைசியாகப் பிடித்த தேதியை மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.