கரையில் நிற்கும் படகும் சாயும்

கேள்வி: ஃபுளோரிடாவில் இருக்கிறேன். என் 30 அடி பாய்மரப் படகு கரையில், முட்டுக்கால்கள் (படகைப் பக்கவாட்டில் தாங்கும் இரும்புத் தாங்கிகள்) மேல் நிற்கிறது. மூன்று நாளில் ஹரிக்கேன் வருகிறதாம். தண்ணீரிலேயே இல்லாத படகுக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

பதில்: சாய்ந்துவிடும், வேறென்ன? 2004 செப்டம்பரில் ஐவன் புயல் கரீபியன் தீவான கிரெனடாவைத் தாக்கியபோது, கரையேற்றி நிறுத்தியிருந்த படகுகள் பல ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடந்தன. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும், அதனால் காற்றுக்குப் பிடி கொடுக்கும் எதையும் மேலே விட்டுவைக்காதீர்கள். முன்பாயைத்தான் இறுக்கிச் சுருட்டியிருக்கிறேனே என்பீர்கள். நுனி கொஞ்சம் அவிழ்ந்தால் போதும், மொத்தப் பாயும் விரிந்து படபடவென்று அடித்து, படகை உலுக்கி உலுக்கியே முட்டுக்கால்களை நகர்த்திவிடும். கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். நிழல்துணியும் அப்படியே.

அப்புறம், மழையில் மண் ஊறினால் முட்டுக்கால் புதையும். ஒவ்வொன்றுக்கும் அடியில் தடித்த பிளைவுட் பலகை வைத்து, எதிரெதிர்க் கால்களைப் படகுக்கு அடியில் சங்கிலியால் பிணையுங்கள். தரையில் பதித்த வளையங்கள் இருந்தால் படகை அவற்றோடு பட்டைநாடாவால் இழுத்துக் கட்டலாம்; படகை இழுத்துக் கட்டும் கயிற்றை முட்டுக்காலில் கட்டவே கட்டாதீர்கள், காற்று இழுத்தால் காலே உருவிக்கொண்டு வந்துவிடும்.

படகின் மேல்தளத்தில் மழைநீர் வடியும் துளைக்குள் விரலை விட்டுப் பாருங்கள், காய்ந்த இலை அடைத்திருக்கும். காப்பீட்டுக்கு நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள். படகிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ளலாமா என்றால், வேண்டவே வேண்டாம்.