செம்பு கருத்தால் மின்சாரம் ஏன் நிற்கிறது? எலக்ட்ரான்களின் விலக்கம் குறித்துக் கேள்வி பதில்

பாளையங்கோட்டை வாசகர் வட்டத்தில், கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்ற நான், உறுப்பினர்கள் எழுதி அனுப்பிய கேள்விகளுக்கு அளித்த விடைகள் இவை.

கேள்வி (திருநெல்வேலி டவுன், பாத்திரக் கடை): அண்ணாச்சி, செம்பு நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறது. தீயில் பட்டுக் கருத்துப்போன செம்பின்மேல் மீட்டரை வைத்தால் ஒன்றும் காட்டுவதில்லையே, ஏன்?

உங்கள் கேள்வியைப் படித்ததும் விரல் அகலச் செப்புத் தகடு ஒன்றை அடுப்புத் தீயில் சில நிமிடம் பிடித்து ஆறவிட்டேன். மேலே கரி போன்ற கருப்புப் படலம் செதில் செதிலாக உரிந்தது. உரிந்த இடத்தில் செங்கல் நிறத்தில் இன்னொரு படலம் தகட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மல்டிமீட்டரின் முனைகளை அழுத்தாமல் கருப்பின்மேல் வைத்தபோது ஒலி எழவில்லை. பிளேடால் சுரண்டிப் பளபளப்பு தெரிந்த இடத்தில் வைத்ததும் ஒலித்தது.

சிவப்புப் படலத்தில் ஒவ்வொரு செம்பு அணுவும் ஓர் எலக்ட்ரானை இழந்திருக்கிறது. அதன் 3டி கூட்டில் (அணுவில் எலக்ட்ரான்கள் இருக்கும் அடுக்குகளில் ஒன்று) உள்ள 10 இடங்களும் நிரம்பியிருப்பதால், நகர்வதற்கு இடமில்லை. இது பாடநூல் சொல்லும் காரணம். கருப்புப் படலத்திலோ அணு இரண்டு எலக்ட்ரான்களை இழந்து, 10 இடங்களில் 9 மட்டுமே நிரம்பியிருக்கிறது. ஓர் இடம் காலியாக இருந்தும் அது உலோகம்போல் கடத்துவதில்லை; எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதே காரணம், அதை அடுத்த விடையில் விளக்குகிறேன். ஒரே தகட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த இரண்டு ஆக்சைடுகள், முற்றிலும் வேறான இரண்டு காரணங்களால் மின்சாரத்தைத் தடுக்கின்றன. எலக்ட்ரான்களை எண்ணினால் மட்டும் போதாது, ஒவ்வொன்றும் தன் அண்டையில் இருப்பதை எப்படி எதிர்கொள்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருளை நான் அறியேன்.

கேள்வி (அம்பாசமுத்திரம், பிளஸ் டூ மாணவி): ஐயா, ஆற்றல் பட்டை, அதாவது எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் நிலைகளின் தொகுதி, முழுதும் நிரம்பாவிட்டால் அது கடத்தி என்று படித்தோம். அது தவறா?

தவறில்லை அம்மா, ஆனால் முழுமையில்லை. அந்தக் கொள்கை, ஓர் எலக்ட்ரான் மற்றவற்றின் சராசரி விளைவை மட்டுமே உணர்கிறது என்று வைத்துக்கொள்கிறது. நிக்கல் ஆக்சைடு கடத்த வேண்டும் என்று சொல்லும் இந்தக் கணக்கு பொய்த்துப்போவதை டி போயரும் வெர்வேயும் 1937-லேயே எடுத்துக்காட்டினார்கள். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதே காரணமாகலாம் என்று பையர்ல்ஸ் அப்போதே கருதினார். நெவில் மாட் அதைத் தொடர்ந்து சிந்தித்து 1949-ல் விரிவாக எழுதினார். அதனால்தான் இத்தகைய பொருள்களை மாட் மின்காப்பான்கள் என்கிறோம்.

உங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய தெரு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒரு திண்ணை, திண்ணைக்கு ஓர் ஆள். ஒவ்வொரு திண்ணையிலும் இரண்டு பேர் உட்காரலாம் என்பதால் பாதி இடம் காலி என்றே கணக்குச் சொல்லும். ஆனால் ஒருவர் பக்கத்துத் திண்ணைக்குப் போக வேண்டுமானால் அங்கிருப்பவரோடு இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். அந்த நெருக்கடியின் விலை, நடந்து செல்வதால் கிடைக்கும் ஆதாயத்தைவிட மிகுதியானால் எல்லோரும் இருந்த இடத்திலேயே இருந்துவிடுவார்கள். 1963-ல் ஹப்பார்டு வகுத்த மாதிரியின் சாரம் இதுதான்: ஒரே அணுவில் இரண்டு எலக்ட்ரான்கள் சேர்வதற்கான ஆற்றல் ஒரு பக்கம், அணு விட்டு அணு தாவுவதால் விரியும் பட்டையின் அகலம் மறுபக்கம். செம்பு ஆக்சைடுகளில் ஆக்சிஜனிலிருந்து செம்புக்கு எலக்ட்ரான் தாவுவதே குறைந்த செலவு என்ற திருத்தத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஆயினும் தடையின் வேர் விலக்கம்தான்.

கேள்வி (ஆலங்குளம், எம்.எஸ்சி. மாணவர்): அப்படியானால் ஒரே பொருளைக் கடத்தியாகவும் காப்பானாகவும் மாற்ற இயலுமா, சார்?

இயலும். வனேடியத்தின் ஆக்சைடுகளில் ஒன்று, இரண்டு வனேடிய அணுவுக்கு மூன்று ஆக்சிஜன் கொண்டது, அறை வெப்பநிலையில் உலோகமாக நடந்துகொள்கிறது. அதை ஏறத்தாழ 150 கெல்வினுக்குக் (மைனஸ் 123 டிகிரி செல்சியஸ்) கீழே குளிர்வித்தால் மின்தடை பத்து லட்சம் மடங்குக்கும் மேல் எகிறிவிடும். படிகத்தின் பருமனும் திடீரென மாறுவதால் அதில் விரிசல் விழுவதும் உண்டு. போதிய அழுத்தம் கொடுத்தால் அணுக்கள் நெருங்கி, தாவுவது எளிதாகி, அந்தக் குளிரிலும் அது உலோகமாகவே நீடிக்கும். மாறாக, நூற்றுக்கு ஒன்றிரண்டு வனேடிய அணுக்களின் இடத்தில் குரோமியத்தை வைத்தால் அறை வெப்பநிலையிலேயே காப்பானாகிவிடும்.

கேள்வி (களக்காடு): இதற்கும் காந்தத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. இடம்பெயர முடியாத எலக்ட்ரானுக்கும் தற்சுழற்சி (அதைச் சிறு காந்தம்போல் ஆக்கும் பண்பு) எஞ்சியிருக்கிறது. அண்டை அணுக்களின் தற்சுழற்சிகள் எதிரெதிராக இருந்தால் எலக்ட்ரான் அண்டை அணுவைக் கணநேரம் எட்டிப்பார்த்துத் திரும்ப முடியும், அதனால் சிறிது ஆற்றல் குறையும். ஆகவே இப்பொருள்கள் பெரும்பாலும் எதிர்ஃபெர்ரோ காந்தங்களாக, அதாவது அண்டை அணுக்களின் காந்தத் திசைகள் எதிரெதிராக அமைந்தவையாக, இருக்கின்றன.

கேள்வி (வள்ளியூர், பள்ளி ஆசிரியர்): மணவாளக்குறிச்சி மணலில் சீரியம் இருப்பதாகச் சொல்கிறார்கள். அதில் எலக்ட்ரான்கள் கனமாகிவிடும் என்று படித்தேன், எப்படி?

அந்த மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தை 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் அடையாளம் கண்டார். சீரியமும் லாந்தனமும் தோரியமும் அதில் பாஸ்பேட்டாக இருக்கின்றன. நம் கரைக்கு இவ்வளவு அருகில் கிடைக்கும் தனிமம் என்பதாலேயே இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தமானது. மணலில் உள்ள நிலையில் அது அப்படி நடந்துகொள்ளாது. சில உலோகச் சேர்மங்களாக மாற்றிக் கடுங்குளிரூட்ட வேண்டும். சீரியத்தின் 4எஃப் கூட்டில் இருக்கும் ஒற்றை எலக்ட்ரான் அணுவை ஒட்டியே ஒடுங்கியிருப்பது. சுற்றிலும் ஓடும் எலக்ட்ரான்கள் அதன் தற்சுழற்சியோடு பிணைந்து பிணைந்து செல்வதால், தேர் வடம் பிடித்தவர்கள்போல் தங்கள் சொந்த எடையைவிடப் பெரிய எடையை இழுத்து நகர்கின்றன. 1975-ல் சீரியம் அலுமினியச் சேர்மம் ஒன்றில் இந்தக் கனத்தின் அடையாளமான எலக்ட்ரான்களின் வெப்ப ஏற்புத்திறன் (வெப்பநிலையை உயர்த்தத் தேவைப்படும் வெப்பம்), செம்பில் இருப்பதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக இருப்பது அளக்கப்பட்டது. எலக்ட்ரானின் உண்மையான நிறை மாறவில்லை. கூட்டத்துக்குள் நகரும்போது அது காட்டும் நிறைதான் பெருகியிருக்கிறது. 1979-ல் ஸ்டெக்லிச்சின் குழு, சீரியமும் செம்பும் சிலிக்கனும் சேர்ந்த பொருளில் இந்தக் கன எலக்ட்ரான்களே மீக்கடத்தலை, அதாவது தடையே இல்லாத மின்னோட்டத்தை, உண்டாக்குவதைக் கண்டது. காந்தத் தன்மை மீக்கடத்தலைக் கெடுக்கும் என்று நம்பியிருந்த காலத்தில் அதை ஏற்கப் பலர் தயங்கினார்கள்.

கேள்வி (தென்காசி): மீக்கடத்தியாகும் செம்பு ஆக்சைடுகளும் இந்த வகைதானா?

அதே வகைதான். லாந்தனம் செம்பு ஆக்சைடு தூய நிலையில் காப்பான். லாந்தனத்தில் ஒரு சிறு பங்கை நீக்கிப் பேரியத்தை வைத்தால் சில எலக்ட்ரான்கள் குறையும். முன்பு சொன்ன தெருவில் சில திண்ணைகள் காலியானது போல, மற்றவர்களுக்கு நகர வழி பிறக்கும். பெட்நார்ஸும் முல்லரும் 1986-ல் இப்படித்தான் 30 கெல்வினைத் தாண்டிய மீக்கடத்தலைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே யிட்ரியம் கலந்த சேர்மம் ஏறத்தாழ 92 கெல்வினை எட்டியது. 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜனே அதைக் குளிர்விக்கப் போதும். விலக்கிக்கொள்ளும் எலக்ட்ரான்கள் அங்கே எப்படி இணை சேர்கின்றன என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

கேள்வி (மீண்டும் பாத்திரக் கடை அண்ணாச்சி): சுத்தச் செம்பில் மட்டும் அந்த விலக்கம் இல்லையா?

இருக்கிறது. ஆனால் அங்கே 3டி கூடு நிரம்பிவிட்டது. ஓடுவது 4எஸ் எலக்ட்ரான். அது அணுவைவிட்டு அகலப் பரவியிருப்பதால் பட்டை விரிந்தது, நகர்வதன் ஆதாயம் பெரியது; பரவிய மற்ற எலக்ட்ரான்களும் விலக்கத்தை மறைத்து மட்டுப்படுத்துகின்றன. என் தகட்டைப் பிறகு புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். புளியின் அமிலம் கருப்பையும் சிவப்பையும் கரைத்தெடுத்தது; மீட்டர் முனைகளை எந்த இடத்தில் வைத்தாலும் ஒலித்தது.