முதல் ஆஸ்திரிய கிராண்ட்ஸ்லாம் சாம்பியன்: முஸ்டரா, தீமா?

டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாம்களில் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் ஆஸ்திரியர் யார் என்று வினாடி வினாவுக்காகத் தேடியபோது, இரண்டு பெயர்களைப் படித்ததாகக் கேட்டிருந்தீர்கள். தாமஸ் முஸ்டர்தான், அவர் பெயரையே வையுங்கள். 1995 பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் மைக்கேல் சாங்கை நேர் செட்களில் வென்றார்.

டொமினிக் தீம் பெயரும் கண்ணில் பட்டதற்குக் காரணம், 2020இல் அவர் அமெரிக்க ஓப்பன் ஒற்றையர் பட்டம் வென்ற 'முதல் ஆஸ்திரியர்' ஆனதாக இருக்கலாம். அந்தச் சிறப்பு அந்த ஒரு போட்டிக்கு மட்டுமே. நீங்கள் படித்த வரியில் போட்டியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரட்டையரைப் பற்றிய கேள்வி என்றால் இந்த விடை பொருந்தாது. உதாரணமாக, இன்னோர் ஆஸ்திரியரான யூர்கன் மெல்சர் 2010இல் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்றவர்.

முஸ்டரைப் பற்றி ஒரு குறிப்பும் சேருங்கள்: 1989இல் மயாமியில் கார் மோதி முழங்கால் சிதைந்தபோது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே பந்தடித்துப் பயிற்சி செய்தார். 1996இல் உலகின் முதலிடத்தைப் பிடித்தார். என்ன மன உறுதி!