காசநோய் மாத்திரையும் வார இறுதிக் குடியும்

கேள்வி: என் தம்பிக்கு வயது 32. நுரையீரல் காசநோய்க்கு மாத்திரை தொடங்கி இரண்டாவது மாதம் நடக்கிறது. இருமல் நின்றுவிட்டதால் சனிக்கிழமைகளில் ஒரு குவார்ட்டர் குடிக்கிறான். அன்று மட்டும் மாத்திரையை விட்டுவிடுகிறான். சரக்கு உள்ளே போனால் கிருமி சாகும் என்றும் வாதிடுகிறான். இது சரியா, டாக்டர்?

பதில்: சரியல்ல. இருமல் நின்றாலும் கிருமி உடலில் எஞ்சியிருக்கும். அதனால்தான் வழக்கமான சிகிச்சை ஆறு மாதம் நீள்கிறது. இடையிடையே மாத்திரையை விட்டால், தப்பிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறும் அபாயம் உண்டு. எனவே, குடித்துவிட்டாலும் தாமாக மாத்திரையை நிறுத்தாமல், குடிப்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வதே முறை.

கிருமி சாகும் என்பது வெறும் சமாதானம். கைகளில் தடவும் சானிடைசரிலேயே ஆல்கஹால் 60 விழுக்காடாவது இருக்க வேண்டும். தள்ளாடும் அளவுக்குக் குடித்தவரின் இரத்தத்திலோ அது அரை விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. அந்தச் சிறு அளவு கிருமியைத் தொடாது. ஆனால் உடலின் காவலைத் தளர்த்தப் போதுமானது. மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்ணிய மயிரிழைகளின் வேகம் குறைகிறது. நுரையீரலின் காற்றறைகளில் கிருமிகளை விழுங்கிச் செரிக்கும் உயிரணுக்கள் மந்தமாகின்றன. காசநோய்க் கிருமி பதுங்கி வாழ்வதே இந்த விழுங்கணுக்களுக்குள்தான் என்பதால், அவை சோர்வது அதற்கு மிகவும் வசதி. ஒரே நாள் அளவு மீறிக் குடித்தாலும் இந்தத் தளர்ச்சி ஏறத்தாழ 24 மணி நேரம் நீடிக்கலாம்.

42.8 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட 180 மி.லி. மதுவில் தூய ஆல்கஹால் சுமார் 60 கிராம் உள்ளது. நாள்தோறும் 40 கிராமுக்கு மேல் குடிப்போருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என ஆய்வுகள் காட்டுகின்றன. தம்பி குடிப்பது வாரம் ஒருமுறைதான் என்றாலும், ஒரே இரவில் அந்த அளவைத் தாண்டிவிடுகிறார்.

கல்லீரல்தான் எனக்குக் கூடுதல் கவலை. காசநோய் மருந்துகளான ஐசோநியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட் ஆகிய மூன்றுமே அதைப் பாதிக்கக்கூடியவை. மதுவும் சேர்ந்தால் ஆபத்து கூடும். ரிஃபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாவது இயல்பு, பயப்பட வேண்டாம். கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளானாலோ, ஓயாத வாந்தி, பசியின்மை, கட்டங்காப்பி நிறச் சிறுநீர் இருந்தாலோ அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பாதத்தில் எரிச்சலோ மதமதப்போ இருந்தால் அதையும் சொல்லுங்கள், பைரிடாக்சின் (வைட்டமின் பி6) தேவைப்படலாம்.

சிகிச்சை முடியும்வரை மது அறவே வேண்டாம். ஒருவேளை அவர் தினமும் குடித்துவிட்டு உங்களிடம் சனிக்கிழமைக் கணக்கு மட்டும் சொல்கிறார் என்றால், திடீரென நிறுத்துவது கைநடுக்கம், வலிப்பு வரை கொண்டுபோகலாம். அப்போது மருத்துவரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.