வயல் எலிகளால் பிளேக் வருமா?

மன்னார்குடிப் பக்கம் அறுவடைக்கு முன் கிட்டி வைத்து எலி பிடிக்கிறார்களே, அவற்றால் பிளேக் பரவாதா என்று கேட்டிருக்கிறீர்கள். எலி இருப்பதனாலேயே பிளேக் வந்துவிடாது; பெரும்பாலும், எலியின் உடலில் பிளேக் பாக்டீரியா இருந்து, அதன் இரத்தத்தைக் குடித்த தெள்ளுப்பூச்சி, எலி செத்தபின் வேறு உடல் தேடி மனிதரைக் கடிக்கும்போதுதான் நோய் தொற்றும். 1894-இல் ஹாங்காங்கில் யெர்சின் என்ற மருத்துவ ஆய்வாளர் இந்தக் கிருமியைக் கண்டறிந்தார். தெள்ளுப்பூச்சியின் பங்கை 1898-இல் கராச்சியில் சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் காட்டினார். அது தெரியவருமுன், 1896-இல் இந்தக் கொள்ளைநோய் தொடங்கிய பம்பாயில், அதிகாரிகள் வீடுகளைக் கார்பாலிக் அமிலம் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தனர்.

திடீர்க் காய்ச்சலும் குளிர்நடுக்கமும் கண்டு, தொடையிடுக்கிலோ அக்குளிலோ கழுத்திலோ, தொட்டாலே உயிர்போகும் வலியுடன் நெறி கட்டுவது இந்நோயின் அடையாளம். சிகிச்சையின்றி விட்டால் 30 முதல் 60 விழுக்காட்டினர் இறப்பர். ஸ்ட்ரெப்டோமைசின், டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளைத் தாமதமின்றிக் கொடுத்தால் பெரும்பாலோர் பிழைப்பர். மடகாஸ்கரில் இன்றும் ஏறக்குறைய ஆண்டுதோறும் தலைகாட்டுகிறது.

டெல்டாவில் நான் அஞ்சுவது எலிக்காய்ச்சலைத்தான். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் கால் வெடிப்போடு நாற்று நடுபவருக்கு, தெள்ளுப்பூச்சியின் துணையே இல்லாமல் அது தொற்றும். நடவு முடிந்த நாட்களில் கெண்டைக்கால் வலியோடு காய்ச்சல் வந்து கண் சிவந்தால், வயலில் இறங்கியதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.